மூஸாவோட வீட்டுக்குப் பேர் என்ன

ஒரு ஊர்ல ஒரு ரஸ்மியா இருந்தா. ராணியும் இல்ல, இளவரசியும் இல்ல. அறுவது வயசு, முழங்கால் வலி, நடந்தா டொக் டொக்குனு ஒரு குச்சி. ஏ நஸீஹா, காலை மடக்கு, போர்வையெல்லாம் உனக்கு மட்டுமா? "ம்" சொல்லிக்கிட்டே இருக்கணும். நீ நிறுத்துனா நானும் நிறுத்திப்புடுவேன்.

ம்.

அந்த ஊர் பேரு ஐன் ஹுஸ்ரும். பாலஸ்தீன்ல இருக்கு. ஐன்னா ஊத்து, ஹுஸ்ரும்னா பழுக்காத திராட்சை. புளிச்ச திராட்சை ஊத்துன்னு ஒரு ஊருக்கு எவன் பேரு வச்சானோ! எனக்கு எப்படித் தெரியும்னு கேக்குறியா? மாமி குவைத்துல ஒரு ஆஸ்பத்திரியில வேலை பாத்தேன்ல, அங்க கூட வேலை பாத்த இன்ஆம் சொன்னா. ரஸ்மியா அவளுக்கு வாப்பா கூடப் பொறந்த மாமி, நான் உனக்கு இருக்கேன்ல, அது மாதிரி.

ஊர் எப்படி இருக்கும்னா, மலைச்சரிவுல. படிப்படியா கல்லடுக்கி, ஒவ்வொரு படியிலயும் ஜைத்தூன் மரம். ஜைத்தூன் தெரியும்ல, உம்மா உன் தலையில தேச்சு விடுற எண்ணெய், அந்த மரம். ஊத்து கிழக்கால... இல்ல இரு, வடக்காலன்னு சொன்னாளா? எந்தப் பக்கமோ, தண்ணி மட்டும் சலசலன்னு ஓடும். மலைக்குக் கீழ சமவெளி, கண்ணுக்கு எட்டுன மட்டும் கோதுமை.

அந்த ஊரை முதல்ல துருக்கிக்காரன் ஆண்டான். அப்புறம் இங்கிலீஷ்காரன். அப்புறம் ஒரு பெரிய சண்டை நடந்து, முடிஞ்சப்போ மேப்பை விரிச்சு சர்ர்ருனு ஒரு கோடு போட்டாங்க. வீடெல்லாம் கோட்டுக்கு இந்தப்பக்கம், கோதுமை வயலெல்லாம் அந்தப்பக்கம்! அந்தப்பக்கம் இஸ்ரேல்காரனுக்குப் போச்சு, இந்தப்பக்கத்தை ஜோர்டான்காரன் ஆண்டான். அப்புறம் இன்னொரு சண்டை, இஸ்ரேல்காரன் வந்து ரெண்டு பக்கத்தையும் ஆண்டான். ரஸ்மியாவோட வாப்பா பொறந்த வீட்டுலயேதான் மௌத்தானாரு, ஆனா நாலு ராஜாங்கத்தைப் பாத்துட்டாரு. எனக்கே தலை சுத்துது, உனக்கு சுத்தாதா? ம் சொல்லு.

ம்.

அப்போ ரஸ்மியாவுக்கு மேற்குச் சரிவுல ஒரு தோப்பு. இருவத்திரெண்டு மரம். அவளுக்குக் கல்யாணமும் ஆகல, புள்ளகுட்டியும் இல்ல. அவளுக்குன்னு துனியாவுல இருந்தது அந்தத் தோப்பும், நிம்ர்னு ஒரு தம்பியும்தான், இன்ஆமோட வாப்பா. நிம்ர்னா புலின்னு அர்த்தம். புலி! பல்லியைப் பாத்தாக்கூட ஓடுவான்.

ஒரு நாள் தோப்புக்குப் போறா, டொக் டொக்குனு, பாத்தா ஒரு மரத்துல காயிதம் அடிச்சிருக்கு. "இந்த நிலம் யாருதுன்னு நாப்பத்தஞ்சு நாளைக்குள்ள நிரூபிக்கணும், இல்லன்னா சர்க்காருக்குச் சொந்தம்." யாருதாம்ல! காயெல்லாம் அவ கையால பறிச்சது, கல்லெல்லாம் அவ வாப்பா கையால அடுக்குனது!

அப்புறம் வீட்டுக்கு ஓடி, டப்பாவைக் கவுத்து, ஒரு பழைய பத்திரத்தைத் தேடி எடுத்தா. துருக்கிக்காரன் காலத்துப் பத்திரம். விரிச்சு வச்சுப் படிக்கிறா, படிக்கிறா, எழுத்து தெரியுது, அர்த்தம் தெரியல. ஏன்னா எழுத்து அரபு எழுத்து, பேச்சு துருக்கிப் பேச்சு. அந்தக் காலத்துல நம்மூர்ல அரபு எழுத்துல தமிழ் எழுதுனாங்கல்ல, அரபிக்காரன் அதைப் படிச்சா எப்படி முழிப்பான்? அப்படி முழிச்சா ரஸ்மியா.

அப்போ டவுன்ல ஒரு ரிட்டயர்டு வாத்தியார் இருந்தாரு, துருக்கி படிக்கத் தெரிஞ்சவரு. கண்ணாடியை மாட்டிப் படிச்சாரு. "கிழக்க களத்துமேடு. மேற்க ஒட்டகப் பாதை. தெக்க தண்ணித் தொட்டி. வடக்க பெரிய பாறை. சொந்தக்காரர்..." நிறுத்திட்டாரு. கண்ணாடியைத் தொடச்சாரு. திரும்பப் படிச்சாரு. "சொந்தக்காரர், மூஸாவோட தார்."

தார்னா வாழைத்தார் இல்ல, ரோட்டுல ஊத்துற தாரும் இல்ல. அவங்க பேச்சுல தார்னா வீடு. மூஸா ரஸ்மியாவுக்குத் தாத்தா, நாம அப்பான்னு கூப்புடுவோம்ல, வாப்பாவோட வாப்பா. மூஸாவோட வீடு. தோப்புக்குச் சொந்தக்காரர் ஒரு வீடாம்! வாத்தியாரும் முழிக்கிறாரு, ரஸ்மியாவும் முழிக்கிறா.

ஆபீசுக்குக் கொண்டு போனா. அங்க இருந்த இஸ்ரேல்கார அதிகாரி பாத்துட்டு, "இது வீட்டுப் பத்திரம்மா. உன் தோப்புல வீடு எங்க இருக்கு?"ன்னு கேட்டான். "வீட்டைக் காட்டு, இல்ல ஆளைக் காட்டு. வீடு எப்படி நிலம் வாங்கும்?"

ரஸ்மியா என்ன பண்ணா தெரியுமா? தோப்புக்குப் போயி வீட்டைத் தேடுனா! கடப்பாரையை எடுத்து டங் டங்குனு, ஒருவேளை அந்தக் காலத்துல ஒரு வீடு இருந்து இடிஞ்சிருக்குமோன்னு. ஒரு செவத்தைக் காணோம், ஒரு வாசப்படியைக் காணோம். பத்து நாள் தோண்டுனா. கை கொப்புளிச்சதுதான் மிச்சம். உக்காந்து ஓன்னு அழுதுட்டா பாவம்.

ம்... மாமி, அப்புறம்?

பாரு, தூங்கலையா நீ. அப்புறம் ஒரு நாள் காலைல கேஸ் சிலிண்டர்காரன் வந்து வாசல்ல நிக்கிறான். "வீட்டுல யாரும் இல்லையா, பழைய சிலிண்டரை எடுத்துக் குடுக்க?" அதுக்கு நிம்ர் உள்ள இருந்து சொல்றான், "தார் இல்லப்பா, அவங்க வாப்பா வீட்டுக்குப் போயிருக்கு, வியாழக்கிழமைதான் வரும்."

ரஸ்மியா ரொட்டி தட்டிக்கிட்டு இருந்தவ அப்படியே நின்னுட்டா. வீடு எங்கயாவது வாப்பா வீட்டுக்குப் போகுமா? வியாழக்கிழமை திரும்பி வருமா?

புரியுதா? உன் வாப்பா போன்ல என்ன சொல்றான்? "எங்க வீட்டுல கேட்டுட்டுச் சொல்றேன்"ங்கிறான். வீட்டையா கேக்கப் போறான்? உன் உம்மாவைத்தானே! அந்த ஊர் ஆம்பளைங்களும் அதே தினுசுதான். பொஞ்சாதி பேரை அடுத்தவன் முன்னாடி வாயால சொன்னா மானம் போயிருமாம். தார்னுதான் சொல்லுவாங்க.

அப்போதான் ரஸ்மியாவுக்கு வெளங்குச்சு. துருக்கிக்காரன் நிலத்தைப் பதிய வந்தப்போ, ஆம்பளை பேரைக் குடுத்தா அதை வச்சே பட்டாளத்துக்குப் புடிச்சிட்டுப் போயிருவான்னு ஊரே நடுங்குச்சாம். போனவன் திரும்புனதே இல்ல. அப்போ மூஸா அப்பா என்ன பண்ணிருக்காரு, நிலத்தைப் பொஞ்சாதி பேர்ல எழுதுங்கன்னிருக்காரு. கணக்கப்புள்ள "பேரைச் சொல்லும்"னிருப்பான். இவரு வெக்கப்பட்டுத் தரையைப் பாத்துக்கிட்டு, "தார்"னிருப்பாரு. அவன் துருக்கிக்காரன், அவனுக்கு என்ன தெரியும்? எழுதிட்டான், தார்! நல்லா இருக்குல்ல கூத்து?

ரஸ்மியா அதிகாரிகிட்ட ஓடுனா. "வீடுன்னா வீடு இல்ல சார், என் பாட்டி!" அவன் பேனாவைக் கீழ வச்சான். "சரி. பாட்டி பேரு என்ன? அவங்களைப் பாத்த சாட்சி யாரு?"

ரஸ்மியா யோசிச்சுப் பாத்தா.

தெரியல.

ஆமா, தெரியல. அவ சின்னப் புள்ளையா இருந்தப்போ "ஸித்தி"ன்னு கூப்புட்டிருக்கா. ஸித்தின்னா அங்க பாட்டி. வாப்பா "யம்மா"ன்னாரு. ஊரே "ஸலீமோட உம்மா"ன்னுச்சு, ஸலீம்தான் ரஸ்மியாவோட வாப்பா. பேரு? பேருன்னு ஒண்ணு இருந்திருக்கும்ல?

மையவாடிக்கு, பாட்டியை அடக்குன எடத்துக்குப் போனா. கல்லுல "மூஸாவோட குடும்பத்தினர்"னு இருக்கு. பள்ளிவாசல்ல வயசான ஆம்பளைங்களைக் கேட்டா. ஒருத்தரு தாடியைத் தடவுனாரு, ஒருத்தரு கோவப்பட்டாரு, "அடுத்தவன் வீட்டுப் பொம்பளை பேரு எனக்கெதுக்குத் தெரியணும்?"னு. முப்பது நாள் ஓடிப்போச்சு. எல்லாருக்கும் மூஸாவைத் தெரியுது, மூஸாவோட கழுதை பேருகூடத் தெரியுது, ரீஷா! கழுதைக்குப் பேரு இருக்கு, பொஞ்சாதிக்கு இல்ல. எனக்கு வந்த கோவத்துக்கு இன்ஆமைத்தான் ரெண்டு திட்டு திட்டுனேன். அவ என்ன பண்ணுவா பாவம்.

ம்.

அப்போ ஒரு ஆளு நெனப்புக்கு வந்துச்சு. ஹம்தா கிழவி. பாட்டியோட அக்கா மக. தொண்ணூறு வயசு. கோட்டுக்கு அந்தப்பக்கம், சமவெளியில கட்டிக்குடுத்த இடத்துல இருந்தா. தோப்புல நின்னு பாத்தா அவ வீட்டுக் கொடியில காயுற துணி தெரியும். ஆனா போறதுக்கு? சுத்தி மூணு பஸ்ஸு! நடுவுல ரெண்டு சோதனைச் சாவடியில எறங்கி, பையைக் கொட்டி, அட்டையைக் காட்டி, திரும்ப ஏறி.

போயிட்டா ரஸ்மியா. "ஹம்தாம்மா, உன் சின்னம்மா பேரு என்ன?" கிழவி யோசிச்சா. "எறும்பு"ன்னா. "எறும்பா?" "எங்க உம்மா எறும்புன்னுதான் கூப்புடுவா. எப்பப் பாத்தாலும் எதையாவது தூக்கிட்டுப் போவா." சொந்தக்காரர் வீடு, இன்னொரு பேரு எறும்புன்னு போய்ச் சொன்னா அந்த அதிகாரி இவளைப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு அனுப்பிருவான்! "நல்லா யோசிம்மா, நெசப் பேரு?" கிழவி அழுதுட்டா. "இருந்துச்சும்மா, நாக்குல வர மாட்டேங்குது."

சாட்சிக்காவது ஆவட்டும்னு கிழவியைக் கூட்டிக்கிட்டுக் கிளம்பிட்டா. அன்னைக்கு நாப்பத்தஞ்சாவது நாள். நிம்ர் ஒரு காரைப் புடிச்சிட்டு வந்தான், கட கடன்னு பழைய காரு. ஆபீசுக்குப் போற வழியில ஊருக்குள்ள ஏறுறப்போ ஊத்துப் பக்கம் வண்டி சூடாயி நின்னுருச்சு. புஸ்ஸ்! நிம்ர் தண்ணி புடிக்க எறங்குனான். கிழவி ஜன்னல் வழியா ஊத்தைப் பாத்தா. பாத்துக்கிட்டே இருந்தா. பாத்தா, பட்டுனு இடுப்புல கையை வச்சு, யாரையோ திட்டுற மாதிரி கத்துனா பாரு:

"ஏ ஸப்ஹா! குடம் ரொம்பி வழியுது, அங்க என்னடி பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கிற!"

அவ உம்மா கத்துனது. எழுவது எண்பது வருஷத்துக்கு முன்னாடி, அதே இடத்துல, தங்கச்சியைப் பாத்து. கிழவிக்கே தூக்கிவாரிப் போட்டுருச்சு. ஸப்ஹா. ரஸ்மியா அவளைக் கட்டிப் புடிச்சிக்கிட்டா, ரெண்டு பேரும் சிரிக்கிறாங்களா அழுவுறாங்களான்னே நிம்ருக்குத் தெரியலையாம்.

ஆபீசுல ஆம்பளைக் கூட்டம். அதிகாரி கேட்டான், "பேரு?" நிம்ர் அக்கா காதுல கிசுகிசுன்னு, "லாத்தா, சீட்டுல எழுதிக் குடு, இத்தனை பேர் முன்னாடி சொல்லாத." ரஸ்மியா அவனைப் பாத்தா. "சொல்லாம வச்சுத்தாண்டா நான் பத்து நாள் வீட்டைத் தோண்டுனேன்!"ன்னுட்டு, கூரை அதிர, "ஸப்ஹா!"ன்னா.

அதிகாரி விடல. "தார்னா பொஞ்சாதிதான்னு நான் எப்படி நம்புறது?" பக்கத்துல அவனுக்கு மொழிபெயர்க்குற ஒரு பையன், அந்தப் பக்கத்து ஊர்க்காரன்தான், டிபன் பாக்ஸோட நிக்கிறான். ரஸ்மியா அவன்கிட்டத் திரும்புனா. "தம்பி, இது யாரு கட்டிக் குடுத்தது?" அவன் யோசிக்கவே இல்ல. "தார்"னுட்டான்!

ஆபீசே சிரிச்சுது. பையன் மூஞ்சி செவந்துபோச்சு. அதிகாரிக்கும் சிரிப்பை அடக்க முடியல. கிழவியோட பெருவிரலை மையில முக்கி, பொத்துனு வச்சாங்க. சொந்தக்காரர் ஸப்ஹா. முத்திரை, டமார்!

தோப்பு தப்பிச்சுதான்னா, அந்தத் தடவை தப்பிச்சுது. அடுத்த தடவை வேற காயிதம் வந்துச்சோ என்னமோ. இன்ஆமும் அப்புறம் எங்க போனான்னு தெரியல.

ஆனா அடுத்த வெள்ளிக்கிழமை ஒண்ணு நடந்துச்சு. ஹம்தா கிழவி ரஸ்மியா வீட்டுல தங்கியிருந்தா. ஜும்மா முடிஞ்சு கதவைத் திறந்தா, வாசல்ல ஆம்பளைங்க வரிசை. தாடியைத் தடவுனவரு, கோவப்பட்டவரு, எல்லாரும். ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாக்கல. முன்னாடி நின்னவரு மெதுவாக் கேட்டாரு, "ஹம்தாம்மா... எங்க பாட்டி பேரு உனக்குத் தெரியுமா?"

கிழவி அவரை மேலயும் கீழயும் பாத்தா. "இவ்வளவு நாள் தொலைச்சதே தெரியலையா உங்களுக்கு?"ன்னாளாம்.

ம்... மாமி, உங்க பாட்டி பேரு என்ன?

எங்க பாட்டியா? கண்ணும்மா. இல்ல, அது வாப்பா கூப்புட்டது. ஊர்ல பெரிய வீட்டும்மாம்பாங்க. பத்திரத்துல... இரு. கபுருக் கல்லுல... இரு மவளே. நான் அவங்க மடியில வளர்ந்தவ. அஞ்சு வருஷம் அவங்க பக்கத்துல படுத்திருக்கேன்.

ஏ நஸீஹா? தூங்கிட்டியா?

தூங்கு, தூங்கு. கதை போன வழியில போயிருச்சு, நீயும் அது பின்னாடியே போ. காலைல முதல் பஸ்ஸுக்கு மாமி காயாமொழி வரைக்கும் போயிட்டு வந்துர்றேன். அங்க எங்க பாட்டியோட கடைசித் தங்கச்சி இன்னும் உசுரோட இருக்காங்க.