சடையனுக்குச் சவரம்

முன்னொரு காலத்தில், வெயிலைத் தவிர வேறு எதிரியே இல்லாத ஒரு நாடு இருந்தது. அதை ஆண்ட ராஜா வீரகேது நல்ல மனிதர். கடைசியாக யார் பேசுகிறாரோ அவர் சொன்னதுதான் சரி என்று நினைப்பார். குறை அது ஒன்றுதான்.

அவரிடம் சடையன் என்று ஒரு நாய் இருந்தது. வடக்கே பனிமலை நாட்டு அரசர் குட்டியாக அனுப்பி வைத்தது. கரடிக்குத் தம்பி என்று சொல்லலாம், உடம்பெல்லாம் அப்படி மயிர். பன்னிரண்டு வயதாகிவிட்டது. கண் மங்கிவிட்டது, பின்னங்கால்கள் தள்ளாடின. முன்பு ராஜா விஷக் காய்ச்சலில் கிடந்த நாற்பது நாளும் கட்டிலடியை விட்டு நகராமல் படுத்திருந்த நாய் அது. அதனால் ராஜாவுக்கு அதன் மேல் உயிர்.

அந்த வருஷத்து அக்கினி நட்சத்திரத்தில் காக்கைகூட வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தது. சடையன் சோறு தொடவில்லை. நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துக்கொண்டே கிடந்தது. ராஜா பதறிப்போய், சிம்மாசனத்துக்குப் பக்கத்தில் பட்டு மெத்தை போட்டு அதில் படுக்கவைத்தார். அது தள்ளாடி எழுந்து, தண்ணீர்ப் பானைகளுக்கு அடியில் இருந்த ஈர மணலில் போய் விழும். நான்கு சேவகர்கள் அதைத் தூக்கி வந்து மறுபடியும் மெத்தையில் கிடத்துவார்கள். அன்பு காட்டுகிறோம் என்று அந்தக் கிழட்டு ஜீவனை எல்லாருமாகச் சேர்ந்து வாட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு நாள் காலையில் ராஜா சபையில் சொல்லிவிட்டார்: நாளைப் பொழுது சாய்வதற்குள் சடையனின் வெக்கை தீர வேண்டும், வழி சொல்லுங்கள்.

முதலில் எழுந்தவர் அரண்மனைக் காரியக்காரர் உத்தண்டராயர். மரியாதை வரிசையைக் காப்பது அவர் வேலை. முதல் மாம்பழம், முதல் இளநீர், ஆற்றில் வரும் முதல் புதுவெள்ளம், எல்லாம் ராஜாவுக்குத்தான் முதலில். பந்தியில் ராஜா ஏப்பம் விட்ட பிறகுதான் மற்றவர்கள் விடலாம் என்று சட்டம் போட்டவர் அவர்தான். ராஜாவை அடிக்கடி சிரிக்கவைக்கும் அரண்மனை விகடர் வெள்ளியம்பலத்தைக் கண்டால் அவருக்கு ஆகாது. சிரிப்புக்கு வரிசை கிடையாதே, அதுதான் காரணம்.

"அரசே, மேலே மூடிக் கிடப்பதுதான் சூட்டுக்கு மூலம். மூடியிருப்பதை எடுத்தால் குளிர்ந்துவிடும். நாயின் மயிரை முழுவதும் சிரைத்துவிடலாம்" என்றார் ராயர்.

வெள்ளியம்பலம் எட்டு நாளாகச் சடையன் பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தவர். வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் ராயர் முந்திக்கொண்டார். இந்தப் புண்ணிய காரியத்தை வெள்ளியம்பலமே முன்நின்று நடத்தட்டும், அதற்குப் பிறகும் நாய் இரைத்தால் வேலையைச் சரியாகச் செய்யவில்லை என்று நாட்டைவிட்டுப் போகட்டும் என்றார். கடைசியாகப் பேசியவர் ராயர் அல்லவா, ராஜா தலையசைத்துவிட்டார்.

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. சிரைத்தால் நாய் செத்துவிடும். சிரைக்காவிட்டால் ஆணையை மீறிய குற்றம். வெள்ளியம்பலம் பணிவாகக் கேட்டார்.

"ராயர் அவர்களே, மூடியிருப்பதை எடுத்தால் குளிரும் என்பது நாய்க்கு மட்டுமா, எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும்தான். உண்மைக்கு ஆள் வித்தியாசம் உண்டா?"

"அந்தச் சுகத்தை அரசருக்கு முன்னால் ஒரு நாய் அனுபவிப்பது வரிசையில் சேருமா?"

ராயர் நெஞ்சை நிமிர்த்தினார். "ஒருக்காலும் சேராது. முதல் மரியாதை அரசருக்கே."

"அப்படியே நடத்துகிறேன்" என்று கும்பிட்டார் வெள்ளியம்பலம். ராஜாவும் சரி என்றார்.

சபை கலைந்ததும் அவர் அரண்மனை நாவிதர் சுடலைமுத்துவிடம் போய் விஷயத்தைச் சொன்னார். நாவிதர் கத்தியைத் தீட்டுவதை நிறுத்திவிட்டு, "சாமி, நான் மூணு தலைமுறைக்குச் சவரம் பண்ணியிருக்கேன். நாய்க்குப் பண்ணச் சொல்லி யாரும் கேட்டதில்லை. அதுவும் கெழட்டு நாய். பாவம் சாமி" என்றார்.

"நாளைக்கு உம்ம கத்திக்கு வேலை இருக்கு, சுடலை. யாருக்குன்னு மட்டும் இப்பக் கேட்காதீரும்" என்றார் விகடர்.

அரண்மனை மேல்மாடத்தில் கோடைக்கென்று கனமான கீற்றுக் கொட்டகை ஒன்று போட்டிருந்தார்கள். மத்தியான உணவு முடிந்ததும் ராஜா அங்கேதான் கண்ணயர்வார். மறுநாள் அவர் ஏறி வந்து பார்த்தால் கொட்டகை இல்லை, வெறும் கால்கள் நிற்கின்றன. கீற்றெல்லாம் கீழே முற்றத்தில் அடுக்கியிருந்தது. கட்டில்மேல் வெயில் கால் நீட்டிப் படுத்திருந்தது. ராஜா உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சுட்டுக்கொண்டு எழுந்தார். வெண்கொற்றக் குடையைக் கொண்டுவரச் சொன்னார். அதுவும் மேலே மூடுவதுதானே, காலையிலேயே மடக்கி உள்ளே வைத்தாயிற்று என்று சேவகன் சொன்னான்.

ராஜாவின் முகம் சிவந்துவிட்டது. வெள்ளியம்பலத்தை இழுத்து வரச் சொன்னார். இழுக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அவர் படியேறி வந்துகொண்டிருந்தார், பின்னால் உத்தண்டராயரும் நாவிதர் சுடலைமுத்துவும் வந்தார்கள்.

"யார் ஆணையில் என் கூரையைப் பிரித்தீர்?" என்றார் ராஜா.

"ராயர் சொன்ன உண்மையின்படி, அரசே. மூடியிருப்பதை எடுத்தேன். முதல் மரியாதை தங்களுக்கு. இப்போது குளிர்ச்சியாக இருக்க வேண்டுமே."

"குளிர்ச்சியா? உடம்பு வேகிறது. கீற்று வெயிலைத் தடுப்பதற்குப் போட்டது என்பதுகூடத் தெரியாதா உமக்கு?"

வெள்ளியம்பலம் திரும்பி ராயரைப் பார்த்து, "இரண்டாம் மரியாதை யாருக்கு?" என்று கேட்டார். பழக்க தோஷம், ராயர் பட்டென்று "எனக்குத்தான்" என்று சொல்லிவிட்டார். நுணலும் தன் வாயால் கெடும். சுடலைமுத்து ராயரின் தலைப்பாகையை மெதுவாக எடுத்துக் கீழே வைத்தார். தோள்வரை புரண்ட அந்தக் கருத்த குடுமியில் தண்ணீர் தெளித்துவிட்டுக் கத்தியை எடுத்தார்.

ராயர் துள்ளி விலகினார். "ஐயோ வேண்டாம். இந்த வெயிலில் தலையில் முடி இல்லாவிட்டால் மண்டைத் தோல் கொப்பளித்துவிடும்."

"அரசே, இதைத்தான் சடையன் நேற்றிலிருந்து சொல்ல நினைத்தது. அதற்கு வாய் இல்லை" என்றார் வெள்ளியம்பலம்.

பிறகு அவர் நடந்ததைச் சொன்னார். உச்சிவேளையில் முற்றத்து வெயிலில் வந்த சடையனின் முதுகில் கை வைத்துப் பார்த்தாராம். மயிரின் நுனி சுட்டது, விரலை உள்ளே விட்டால் தோல் சுடவில்லை. அது மயிர் இல்லை, அதன் கூரை. கூரைக்குள் குப்பை அடைந்தால் காற்று நுழையாது. குப்பையைத் தட்டலாம், கூரையைப் பிரிக்கக் கூடாது. குளிர்ச்சி எங்கே இருக்கிறது என்று அதற்கே தெரியும். தினமும் பானையடிக்குப் போய்க் காட்டியது, நாம்தான் தூக்கித் தூக்கி மெத்தையில் போட்டோம் என்றார்.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும். ராஜா வெயிலில் நின்றபடியே ராயரைப் பார்த்தார், ஈரக் குடுமியைக் கையால் பொத்திக்கொண்டு நின்ற கோலத்தைப் பார்த்தார், தன் மொட்டைக் கொட்டகையையும் பார்த்தார். அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். ஆணை அங்கேயே ரத்தானது.

அன்றே மரச்சீப்பு கொண்டு சடையனை வாரினார்கள். உதிர்ந்து உள்ளேயே சிக்கிக் கிடந்த பஞ்சு மயிர் இரண்டு கூடை வந்தது. பானையடி மணலை மணிக்கொரு தரம் நனைத்தார்கள். அது எழுந்து நடக்க வேண்டாதபடி பக்கத்திலேயே மண்சட்டியில் தண்ணீர் வைத்தார்கள். பாதத்தையும் அடிவயிற்றையும் ஈரத்துணியால் ஒற்றினார்கள். விடியும் முன்னும் பொழுது சாய்ந்த பின்னும் மட்டும் நாலடி நடக்கவிட்டார்கள். மூன்றாம் நாள் சடையன் மோர்சோறு ஒரு சட்டி தின்றுவிட்டு வாலை ஆட்டியது. ராஜா அழுதேவிட்டார்.

வெள்ளியம்பலத்துக்கு என்ன வேண்டும் என்று ராஜா கேட்டார். சடையன் படுக்காத அந்தப் பட்டு மெத்தையைக் கேட்டார் அவர். ராஜா அதோடு நூறு பொன்னும் கொடுத்து அனுப்பினார்.

மறுநாள் மத்தியானம் ராஜா சடையனைப் பார்க்கப் போனார். பானையடி ஈர மணலில் நாய் ஒரு பக்கம், மறுபக்கம் வெள்ளியம்பலம் மேல்துண்டை விரித்துப் படுத்திருந்தார். மெத்தை என்ன ஆயிற்று என்று ராஜா கேட்டார்.

"ராத்திரி முழுக்க வெந்துவிட்டேன், அரசே. இவன் அறிவு எனக்கு இல்லை."

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்துக் கிரீடத்தைக் கழற்றி வைத்துவிட்டு, மீதியிருந்த இடத்தில் தானும் உட்கார்ந்தார். உத்தண்டராயரைக் கூப்பிட்டு, இந்தப் பானையடிக்கு மட்டும் கோடை முடியும்வரை முதல் மரியாதை சடையனுக்கு, தனக்கு இரண்டாவது என்று எழுதிக்கொள்ளச் சொன்னார். ராயர் எழுதிக்கொண்டார். அவருக்கும் வெக்கைதான். மூன்றாவது யாருக்கு என்று மெல்லக் கேட்டார்.

சடையன் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு, கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டது.