காவி கலந்த சாந்து

அழகிரிக் கொத்தனார் அறுபதாவது வயதில் சீடராகப் போய்ச் சேர்ந்தார். குருவுக்கு முப்பத்தைந்து வயது இருந்தால் அதிகம். பெயர் பூவம்மை. ஊர் சும்மா இருக்குமா? பல்லுப் போன வயசுல பக்கோடா கேக்குது கிழத்துக்கு என்று சிரித்தது. அவர் எதற்குப் பயந்து ஓடிவந்தார் என்று சிரித்தவர்களில் ஒருவருக்கும் தெரியாது.

மலையடிவாரத்தில் செங்கல்லால் கட்டிய பழைய மடம் அது. வந்த அன்றே அழகிரி கேட்டுவிட்டார்.

"தாயே, எனக்குக் காவி குடுங்க."

பூவம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"மேக்கால ஒரு வாசல் இருக்கு, கொத்தனாரே. மழைச்சாரல் உள்ள அடிக்குது. அதை அடைச்சிடுங்க. வாசல் இருந்ததே தெரியக் கூடாது."

"அப்புறம் குடுப்பீங்களா?"

"அப்புறம் கேளுங்க."

அழகிரிக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது. மீன்குஞ்சுக்கா நீச்சல் சோதனை? பழைய சுவரில் புதுச் சாந்து தெரியாமல் நிறம் கூட்டுவதில் அந்த வட்டாரத்தில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. சுவரைக் கொஞ்சம் சுரண்டி அந்தத் தூளை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். சுண்ணாம்பும் மணலும் குழைத்து, செங்கல் தூள் சேர்த்து, கொஞ்சம் காவி மண் போட்டார். நூறு வருஷத்து அழுக்குக்காக ஒரு சிட்டிகை அடுப்புக்கரி. ஈரத்தில் நிறம் பார்த்து ஏமாறுகிற கற்றுக்குட்டி இல்லை அவர். வடை போலத் தட்டி வெயிலில் வைத்து, காய்ந்த நிறத்தைச் சுவரோடு ஒத்துப் பார்த்துவிட்டுத்தான் பூசுகிற கரணையைக் கையில் எடுத்தார்.

பழைய செங்கலை அடுக்கிச் சந்துகளில் சாந்து பூசி முடித்தார். மூன்று நாளில் அது காய்ந்தது. வாசல் எங்கே இருந்தது என்று அவராலேயே சொல்ல முடியவில்லை.

நான்காம் நாள் உச்சிவெயிலில் சுவர் கசிந்தது.

பங்குனி மாதம். மண் காய்ந்து வெடித்துக் கிடந்தது. ஆனாலும் செங்கல் சந்துகளில் ஈரம் ஊறியது. எல்லாச் சந்திலும் இல்லை. ஊறிய சந்துகள் மட்டும் சேர்ந்து ஓர் ஆள் உயரத்துக்குக் கறுத்தன. ஒரு பெண்ணின் முதுகு. தலையில் சட்டி, அதைத் தாங்கிய ஒரு கை.

அழகிரி தொட்டுப் பார்த்தார். விரல் நனைந்தது. ஈரம் சிவப்பாக இருந்தது. காவிதான், வேறொன்றும் இல்லை என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். சந்துகளைச் சுரண்டி எடுத்து, நிறத்தைச் சற்றுக் குறைத்து மறுபடி பூசினார்.

அதுவும் காய்ந்தது. நான்காம் நாள் உச்சியில் மறுபடி ஈரம். இந்த முறை அவள் பக்கவாட்டில் நின்றாள்.

மடத்துப் பசு மத்தியானத்தில் அந்தச் சுவர் நிழலில் படுப்பது வழக்கம். இப்போது நடுவெயிலில் நின்றது, சுவர்ப் பக்கம் போகவில்லை.

மூன்றாவது முறை பூசினார். காவியைக் கூட்டினார். கரியைக் கூட்டினார். கடுக்காய்த் தண்ணீர் விட்டுக் குழைத்தார். நான்காம் நாள் அவள் அவர் பக்கமாகத் திரும்பி நின்றாள். முகம் இருக்கும் இடத்தில் வெறும் செங்கல். ஆனாலும் அது யார் என்று அவருக்குத் தெரிந்தது. முதல் நாளே தெரியும்.

பவுனு. அவரிடம் எட்டு வருஷம் வேலை பார்த்த சித்தாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் வேலங்குளத்தில் சித்திரைத் திருவிழாவுக்குப் போகும் யாத்திரைக்காரர்கள் தங்க ஒரு சத்திரம் கட்டினார் அழகிரி. திறப்பு நாள் குறித்தாகிவிட்டது. சூளையிலிருந்து சுண்ணாம்பு வரவில்லை. அழகிரி கட்டி நாள் தவறியதாக ஒரு பேச்சு வரலாமா? அந்த வீம்புதான் அவரைக் கெடுத்தது. சுண்ணாம்பைப் பாதியாக்கினார். ஓடை மண்ணை அள்ளிப் போட்டார். வெளுத்துப் போன அந்தக் கலவைக்குக் காவி கூட்டி, நல்ல சாந்தின் நிறத்துக்குக் கொண்டுவந்தார். பார்க்க வந்த பெரிய மனிதர்கள் நிறத்தைப் பார்த்துத் தலையாட்டினார்கள்.

பவுனு மட்டும் கேட்டாள். "கொத்தனாரே, சாந்து கையில ஒட்டவே மாட்டேங்குதே?"

"உன் வேலையப் பாரு" என்றார்.

பத்து நாள் கழித்து ஒரு மழையில் பின்சுவர் அவள்மேல் விழுந்தது; அவள் பிழைக்கவில்லை. இடி இறங்கிவிட்டது என்று அழகிரி சொன்னார். ஊர் நம்பியது. அந்த ஒரு சுவரை மட்டும் நல்ல சாந்தில் மறுபடி எழுப்பினார். மற்ற மூன்று சுவரும் அப்படியே நிற்கின்றன.

மூன்றாம் உருவம் தெரிந்த அன்று சாயங்காலம் ஒரு குடும்பம் மடத்தருகே வந்து நின்றது. சித்திரைத் திருவிழாவுக்கு முன்னதாகவே புறப்பட்டவர்கள். புருஷன் தோளில் மூட்டை. மனைவி இடுப்பில் தூங்கும் பெண் குழந்தை.

"ஐயா, வேலங்குளம் சத்திரத்துக்கு இந்த வழிதானே?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

அழகிரியின் கை தானாக நீண்டு வழி காட்டியது.

"நல்ல கெட்டிக் கட்டடம்னு சொன்னாங்க."

"ஆமா" என்றார் அழகிரி.

அவர்கள் போவதையே பார்த்துக்கொண்டு நின்றார். கூப்பிடலாம், இன்னும் தூரம் போகவில்லை என்று தோன்றியது. கூப்பிட்டால் ஏன் என்று கேட்பார்கள். பயம் ஒரு பங்கு என்றால் வெட்கம் மூன்று பங்கு. கூப்பிடவில்லை.

விடிந்ததும் நாலாவது முறையாகப் பூசினார். இந்த முறை சாந்து காயக்கூட இல்லை. அன்று உச்சிப்பொழுதிலேயே, சட்டியைத் தரையில் இழுக்கிற சத்தம் சுவருக்குள்ளிருந்து கேட்டது. கரகர என்று ஒரு இழுப்பு. பிறகு ஒரு நிறுத்தம். பிறகு இன்னொரு இழுப்பு.

அழகிரி கரணையைப் போட்டுவிட்டு ஓடினார்.

பூவம்மை கிணற்றடியில் துணி அலசிக்கொண்டிருந்தாள். அவள் காலடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினார் அழகிரி. ஓடை மண், காவி, இடி என்று சொன்ன பொய், நேற்று வழி காட்டிய கை, ஒன்றையும் மறைக்கவில்லை. சொல்லி முடித்தபோது அழுதுகொண்டிருந்தார்.

பூவம்மை துணியைப் பிழிந்தாள். காவித் துணி. சாயம் சிவப்பாக ஒழுகியது.

"இது எந்த மண்ணு?" என்று கேட்டாள்.

அழகிரி பார்த்தார். "காவி மண்ணு."

"சாந்துல போட்டீங்களே, அது?"

"அதே மண்ணுதான், தாயே."

"ம்."

துணியை உதறிக் கொடியில் போட்டாள். அழகிரிக்கு முகம் எரிந்தது. காவி தாருங்கள் என்று இனி எந்த வாயால் கேட்பது?

"எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்" என்றார். "அவளை மட்டும் போகச் சொல்லுங்க. எந்த நிறத்தைக் கூட்டினா மறைவா? பழி வாங்க வந்திருக்கா, தாயே."

"அவ சொன்னாளா?"

"சொல்லல."

"இப்ப எப்படி நிக்கிறா?"

"பாக்காம ஓடி வந்துட்டேன்."

"பாத்துட்டு வாங்க."

போனார். வெயில் சுவரில் நேராக விழுந்திருந்தது. சட்டி இழுபடும் சத்தம் நின்றிருந்தது. அழகிரி கண்ணை இறுக்க மூடித் திறந்து பார்த்தார். எவ்வளவு நேரம் பார்த்தார் என்று அவருக்கே தெரியாது.

திரும்பி வந்தபோது அவர் குரல் இறங்கியிருந்தது.

"சட்டியத் தலையில இருந்து எறக்கிட்டா, தாயே. ரெண்டு கையாலயும் நீட்டிக்கிட்டு நிக்கிறா."

"யாருகிட்ட நீட்டுறா?"

"என்கிட்ட."

"சட்டியில என்ன?"

"சாந்து."

"என்ன நிறம்?"

சட்டி இருந்த இடத்துச் சந்துகளை அவர் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார். அங்கே மட்டும் காவி இல்லை. கரி இல்லை. விரலில் கெட்டியாக ஒட்டியது.

"வெள்ளை" என்றார். "நல்ல சுண்ணாம்பு. நிறமே சேக்கல."

பூவம்மை வாளியைக் கிணற்றில் இறக்கினாள்.

"திருவிழாவுக்கு எத்தனை நாள் இருக்கு?"

"ஒம்பது."

அவள் தண்ணீரை இறைத்துத் தொட்டியில் ஊற்றினாள். பசு வந்து வாய் வைத்தது. அழகிரி அப்படியே நின்றார், அவள் வேறு ஏதாவது சொல்லுவாள் என்று.

"சித்தாள் சாந்தோட நிக்கிறா" என்றாள் பூவம்மை. "கொத்தனாருக்கு இங்க என்ன வேலை?"