அடைத்துக்கொண்ட இடம்

அந்தக் கம்பெனியின் பஸ் டிக்கெட் சர்வர், பண்டிகை வந்தாலே படுத்துவிடும். ஒப்பந்தத்தில் வேலை பார்த்த பொற்கொடி, புதிய மென்பொருள் கட்டமைப்புக்கு மாறலாம் என்றாள்.

முதலாளி எதிரிலேயே மேனேஜர் தணிகாசலம் மடக்கினார். "ஒரே வரியில நன்மையைச் சொல்லும்மா!"

"ஒரு பயணியோட பணம் பேங்க்ல இருந்து வர்ற வரைக்கும் மத்தவங்க காத்து நிக்க வேண்டாம் சார்."

"கெடுதல்?"

"எல்லாமே ஒரே இடத்து வழியாப் போகும். அந்த இடம் அடைச்சுக்கிட்டா மொத்தமும் நின்னுடும். போன தீபாவளியிலிருந்து இந்தக் கோரிக்கை உங்க மேஜையில நிக்கிற மாதிரி."

முதலாளி வாய்விட்டுச் சிரித்து, அங்கேயே சம்மதித்தார். தணிகாசலமும் சிரித்துவைத்தார்.

பொற்கொடி மாற்றி எழுதிய சர்வர் பொங்கலுக்குப் படுக்கவில்லை. தணிகாசலத்துக்கு மேடையில் பொன்னாடை போர்த்தினார்கள். பொற்கொடியின் ஒப்பந்தத்தை அவர் புதுப்பிக்கவில்லை.

ஊருக்குத் திரும்ப, தான் எழுதிய சர்வரிலேயே அவள் டிக்கெட் எடுத்தாள். நொடியில் கிடைத்தது.