அணையை நோக்கி ஏறிய ஆறு

மழைக்காலத்தில் வெள்ளம் எந்தத் தெருவுக்குள் புகும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுச் சொல்லும் மென்பொருள் அது. எழுதியவர் கயற்கண்ணி மேடம். அவரிடம் பாடம் கேட்க வந்த அற்புதராஜ் அவரைவிடப் பதினாறு வயது மூத்தவர், ஓய்வுக்கு இரண்டே வருடம் பாக்கி. கற்றுக்கொள்ள வயது ஒரு தடையா என்று வீராப்பாக வந்து சேர்ந்த மனிதர்.

மேடம் விதித்தது ஒரே ஒரு விதி. ஆயிரக்கணக்கான கணக்குகள் ஒரே நேரத்தில் ஓடும்போது, எத்தனை எத்தனையாகச் சேர்ந்து ஓடும் என்பதை நாமாக எழுதக் கூடாது. மெஷினிடமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

அற்புதராஜ் கேட்டாரா? வேகத்துக்கு ஆசைப்பட்டு ஓரிடத்தில் முப்பத்திரண்டு என்று எழுதிவைத்தார். பழைய மெஷின் முப்பத்திரண்டாகச் சேர்த்தே ஓட்டுவது என்பதால் அதில் பறந்தது. அதைப் பற்றி யாரிடமும் மூச்சுவிடவில்லை.

புது மெஷின் வந்தது. கூடவே இயக்குநர் மாசிலாமணியும் ஒரு தாளோடு வந்தார்.

“இனிமே இந்த மெஷினுக்குன்னே எழுதறோம்னு ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுங்க. இல்லேன்னா குழுவைக் கலைச்சிடுவேன்.”

மேடம் தாளைத் தொடக்கூட இல்லை.

“அற்புதராஜ் சார், மொதல்ல ஓட்டிக் காட்டுங்க.”

ஓட்டினார். திரையில் ஆறு கடலை விட்டுவிட்டு அணையைப் பார்த்து மேடேறியது. இந்த மெஷினில் கணக்குகள் அறுபத்து நான்காகச் சேர்ந்து ஓடுபவை. அவர் எழுதிய எண் பாதியை அந்தரத்தில் விட்டிருந்தது. அவமானத்தில் காது சுட்டது.

“என் தப்புதான் மேடம். முப்பத்திரண்டுன்னு எழுதிட்டேன்.”

“அவ்வளவுதானே? அறுபத்து நாலுன்னு மாத்துங்க” என்றார் மாசிலாமணி.

“அடுத்த மெஷின் வந்தா?” என்று கேட்டார் மேடம்.

“அப்ப பாத்துக்கலாம்.”

“அப்பவும் மழை பெய்யும் சார். நான் கையெழுத்துப் போட மாட்டேன்.”

“கலைச்சிடுவேன்னு சொன்னேன்.”

“கலைங்க.”

அற்புதராஜ் ஆடிப்போனார். இப்படியும் ஒருத்தர் சொல்ல முடியுமா?

மாசிலாமணி தாளை அவர் பக்கம் தள்ளினார். “ரிட்டயர் ஆகப்போற நேரத்துல உங்களுக்கு எதுக்கு வம்பு? நீங்களாவது போடுங்க.”

அற்புதராஜ் பேனாவைத் திறந்தார்.

“மேடம், அப்ப எந்த மெஷினுக்குத்தான் எழுதறது?”

“தண்ணிக்கு எழுதுங்க சார்.”

அற்புதராஜ் பேனாவை மூடினார். கையெழுத்தில்லாத தாளை மாசிலாமணியிடமே நீட்டினார்.