தாழியில் வைத்த புள்ளி

“அடிகளே, இனி நான் எழுத மாட்டேன்” என்றார் அந்துவனார். இடுப்பிலிருந்த எழுத்தாணியை எடுத்துப் பாறைமேல் வைத்தார்.

எதிரே கந்தி உட்கார்ந்திருந்தார். சமணத் துறவி. அந்த மலைக்குகைக்கு வந்து நான்கு ஆண்டுதான் ஆகியிருந்தது.

அந்துவனாரைவிடப் பதினைந்து வயது இளையவர். அந்துவனாரோ கீழே ஊரில் இருபது வருடமாக இலக்கணம் சொல்லிக்கொடுப்பவர். ஆனாலும் மாதத்துக்கு ஒருமுறை மலையேறி வந்து கந்தியிடம் பாடம் கேட்பார். போன முறை வந்தபோது, உலகத்தில் முதல் எழுத்தை எழுதியது யார் என்று கேட்டிருந்தார். தெரியாது என்று சொல்லி அனுப்பிவிட்டார் கந்தி.

“என்ன நடந்தது?”

அந்துவனார் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

பத்து நாளைக்கு முன்னால் ஆதன் செத்துப்போனான். உப்பு வணிகன். வண்டியோடு வெளியூர் போய்த் திரும்பியவன் காய்ச்சலில் படுத்தான், எழுந்திருக்கவில்லை. ஊரே இடுகாட்டுக்குப் போனது. அந்துவனாரும் போனார்.

உடலை வைத்த தாழியைக் குழிக்குள் இறக்கப் போகும் நேரத்தில் ஆதனின் மனைவி சேந்தி குயவரிடம் ஓர் ஆணியை வாங்கினாள். தாழியின் கழுத்தில் எதையோ கீற ஆரம்பித்தாள். அவள் எழுதி யாரும் பார்த்ததில்லை. வெகுநேரம் ஆனது. எல்லாரும் காத்திருந்தார்கள்.

எழுதி முடித்ததும் அந்துவனார் குனிந்து பார்த்தார்.

மூன்று எழுத்து. ஆதன்.

ஆனால் கடைசி எழுத்தில் புள்ளி இல்லை.

எழுத்துக்குப் புள்ளி வைக்கும் வழக்கம் அப்போதுதான் வந்துகொண்டிருந்தது. ‘ன’வையும் ‘ன்’னையும் ஊரில் எல்லாரும் ஒரே மாதிரிதான் எழுதினார்கள். படிப்பவர் இடம் பார்த்துப் புரிந்துகொள்வார். இரண்டு வருடமாக அந்துவனார் கடைகடையாக ஏறி இறங்கி, புள்ளி வையுங்கள், புள்ளி வையுங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அங்கேயும் சொன்னார். எல்லார் காதிலும் விழும்படி.

“இது ஆதன் இல்லை அம்மா. ஆதன என்று இருக்கிறது.”

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள்.

சேந்தி நிமிர்ந்து பார்த்தாள். என் வீட்டுக்காரர் இப்படித்தான் எழுதுவார் என்றாள். அவனும் தப்பாகத்தான் எழுதியிருக்கிறான் என்றார் அந்துவனார்.

அதைச் சொன்னபோது தனக்கு ஓர் உற்சாகம் இருந்தது என்பதையும் அவர் கந்தியிடம் மறைக்கவில்லை.

என்ன செய்ய வேண்டும் என்று சேந்தி கேட்டாள். பள்ளியில் சொல்வதைப் போலவே அவர் சொன்னார். அ, ஆ என்பவை உயிர். க், ன் என்பவை மெய். மெய் என்றால் உடம்பு. உயிர் வந்து சேர்ந்தால்தான் அது இயங்கும். உயிர் இல்லாத மெய் தனியாக நின்றால் அதன் தலைமேல் ஒரு புள்ளி வைக்க வேண்டும்.

ஆயிரம் தடவை சொன்ன பாடம். வாயைவிட்டுப் போன பிறகுதான் அவர் காதிலேயே விழுந்தது.

சேந்தி தாழியைப் பார்த்தாள். பிறகு கேட்டாள்:

“உயிர் இல்லாத உடம்புக்கா ஐயா?”

ஆமாம் என்றார். வேறென்ன சொல்வது என்று தெரியவில்லை.

அவள் ஆணியைக் கடைசி எழுத்தின் தலைக்குக் கொண்டுபோனாள். எடுத்துவிட்டாள். மறுபடியும் கொண்டுபோனாள். முடியவில்லை. ஆணியை அவரிடமே நீட்டினாள்.

“நீங்களே வைத்துவிடுங்கள்.”

அந்துவனார் இங்கே நிறுத்தினார். மலைக்குக் கீழே யாரோ மாட்டை ஓட்டும் சத்தம் கேட்டது.

“வைத்தேன் அடிகளே” என்றார். “அழகாக வைத்தேன். வட்டமாக.”

அன்றிலிருந்து அவர் பள்ளியைத் திறக்கவில்லை. தனக்கு உடம்பு சரியில்லை என்று பிள்ளைகளுக்குச் சொல்லியனுப்பினார். வீட்டில் சோற்றுப்பானையின் மூடியில் ஒரு கரும்புள்ளி இருந்தது. அதைக்கூடத் திருப்பி வைத்துவிட்டுத்தான் சாப்பிட்டார்.

கந்தி கேட்டார், “நீங்கள் சொன்ன விதி சரியா?”

“சரி.”

“வைத்த புள்ளி?”

“அதுவும் சரிதான்.”

“என்னிடம் ஏன் வந்தீர்கள்?”

அந்துவனார் பாறைமேல் கிடந்த எழுத்தாணியைப் பார்த்தார்.

“அந்தப் பெண்ணிடம் போங்கள். அவளிடம் எழுதக் கற்றுக்கொள்ளுங்கள்.”

“அவளுக்கு மூன்று எழுத்துத்தான் தெரியும் அடிகளே.”

“உங்களுக்கு?” என்றார் கந்தி.

அந்துவனார் எழுந்தார். எழுத்தாணியை எடுத்துக்கொள்வதா, விட்டுப்போவதா என்று தெரியாமல் நின்றார். விட்டுவிட்டு இறங்கினார்.

உப்பு வணிகர் தெருவுக்குள் நுழைவதற்குள் இரண்டு முறை திரும்பிப் போகப் பார்த்தார். தெரிந்தவர் ஒருவர் வணக்கம் சொன்னார். அதை வாங்கிக்கொள்ளக் கூச்சமாக இருந்தது.

சேந்தி முற்றத்தில் இருந்தாள். மறுநாள் ஆதனின் தம்பி வண்டி கட்டுகிறான். சந்தையில் பானை மாறிப்போகாமல் இருக்க ஒவ்வொன்றிலும் ஆதனின் பெயரைக் கீறியாக வேண்டும். ஆதன் இருந்தவரை அவன் கீறினான். இப்போது அவள் கீறிக்கொண்டிருந்தாள்.

சுவரோரமாக ஏழு பானைகள் முடிந்து நின்றன. ஏழிலும் புள்ளி இருந்தது.

அவரைக் கண்டதும் சேந்தி எழுந்து நின்றாள்.

“நீங்கள் சொன்னபடி வைத்திருக்கிறேன் ஐயா. சரியாக இருக்கிறதா, பாருங்கள்.”

அவரால் பானைகளைப் பார்க்க முடியவில்லை. அன்றைக்கு அந்த இடத்தில் தான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது என்று மென்று விழுங்கிச் சொன்னார். அவள் மன்னித்ததாகவும் தெரியவில்லை, கோபித்ததாகவும் தெரியவில்லை.

“அவர் எப்படி எழுதுவார் என்று எனக்குக் கற்றுக்கொடு அம்மா” என்றார்.

கேலி செய்கிறாரோ என்று அவள் அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு எட்டாவது பானையைத் தள்ளிவைத்தாள். ஆணியைக் கொடுத்தாள்.

அந்துவனார் மண்ணில் உட்கார்ந்தார்.

எந்த எழுத்துக்கு எந்த ஒலி என்பது அவளுக்குத் தெரியாது. ஆதனின் கை போகும் வழிதான் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்து பன்னிரண்டு வருடம் பார்த்திருக்கிறாள். பானையை முழங்கால்களுக்கு நடுவே இறுக்கிக்கொள்ள வேண்டும் என்றாள். முதல் கோட்டை மேலிருந்து இழுத்து, பாதியில் கொஞ்சம் நிறுத்துவார். கை வலிக்கும், அதனால். இரண்டாவதை ஒரே இழுப்பில் போட்டுவிடுவார். மூன்றாவதை எப்போதும் அவசரமாகத்தான்.

அவள் சொல்லச் சொல்ல அவர் கீறினார். கோணலாக வந்தது. அவள் திருத்தவில்லை.

மூன்றாவது எழுத்து முடிந்தது. ஆணி தானாகவே அதன் தலைக்கு நகர்ந்தது. அவர் கையை இழுத்துக்கொண்டார்.

“பிறகு?” என்று கேட்டார்.

“பிறகு ஒன்றும் இல்லை ஐயா. தூசி போக ஊதுவார்.”

அந்துவனார் பானையருகே வாயைக் கொண்டுபோனார்.

ஊத மூச்சு வரவில்லை.