திறந்து கிடந்த வாசல்

விருதுநகரில் செண்பகவல்லி என்று ஒருத்தி இருந்தாள். அவள் கணவர் தனுஷ்கோடி பருப்பு மண்டியில் மேலாளர். போன வருடம் அவருக்கு நெஞ்சுவலி வந்து, இதயக் குழாய் அடைபடாமல் விரித்துப் பிடிக்க ஸ்டென்ட் என்ற சிறு கம்பி வலையை வைத்தார்கள். அந்த இடத்தில் ரத்தம் கட்டி அடைத்துவிடாமல் இருக்க, காலை இட்லிக்குப் பிறகு இரண்டு மாத்திரைகள் சாப்பிட வேண்டும் என்றார்கள்.

மாத்திரை கொடுக்கிற வேலையை அவள் வேறு யாரிடமும் விட்டதில்லை. அட்டையிலிருந்து தானே பிதுக்கி எடுத்து, வெந்நீர் டம்ளரோடு எதிரே நிற்பாள். விழுங்கியதும், "ஆ காட்டுங்க" என்பாள்.

"நான் என்ன பால்வாடிப் பிள்ளையா?"

"பால்வாடிப் பிள்ளைக சொன்னாக் கேக்குங்க."

அவர் சிரித்துக்கொண்டே வாயைத் திறப்பார். நாக்கைத் தூக்கியும் காட்டுவார்.

எதையும் கவனித்துப் பார்க்கிற பழக்கம் அவளுக்கு. முதல் சில மாதங்களில், சவரம் செய்யும்போது பிளேடு பட்டால் ரத்தம் நிற்காது. தாடையில் பஞ்சோடுதான் மண்டிக்குப் போவார். கடிகார வார் அழுத்திய இடமெல்லாம் நீலமாகக் கன்றிப்போகும். ஒருநாள் பயந்துபோய், "இந்த மாத்திரைய நிறுத்திட்டாத்தான் என்னங்க?" என்று கேட்டுவிட்டாள். டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது என்றார் அவர். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

பிறகு பஞ்சுக்கு வேலையில்லாமல் போயிற்று. உடம்பு பழகிவிட்டது என்று நினைத்தாள். ராத்திரியில் நெஞ்செரிச்சலோடு எழுந்து உட்கார்ந்து மோர் கேட்கிற மனிதர், இப்போது குறட்டை விட்டுத் தூங்கினார். டாக்டர் சொன்னபடி எண்ணெய் புரோட்டாவை விட்டுவிட்டார், அதனால்தான் என்று சந்தோஷப்பட்டாள். மண்டியிலிருந்து வரும்போது அவர் வாயில் சோம்பு மணக்கும். துவைக்கப் போட்ட சட்டைப் பையில் ஒருமுறை வெள்ளித் தாள் துண்டு ஒன்று கிடந்தது. மிட்டாய்த் தாள் என்று குப்பையில் போட்டாள்.

ஆடி மாதம் மறுபடியும் வலி வந்தது. மதுரைக்கு ஓடினார்கள். ஸ்டென்டுக்குள் ரத்தம் கட்டத் தொடங்கியிருந்தது. உயிர் பிழைத்ததே பெரிது. டாக்டர் எமிமாள் தனுஷ்கோடியின் ரத்தத்தைச் சோதித்துவிட்டு இருவரையும் உட்காரவைத்துப் பேசினார்.

"ரத்தத்துல தட்டணுன்னு இருக்கும்மா. காயம் பட்ட இடத்துல கூடி அடைக்கிறது அதுகதான். கூடச் சொல்லி ஒண்ணுக்கொண்ணு சேதி அனுப்பும். உங்க ரெண்டு மாத்திரையில ஆஸ்பிரின், அதுல ஒரு சேதிய உண்டாகவே விடாது. இன்னொரு சேதி, தட்டணு மேல இருக்கிற ஒரு வாசல் வழியா உள்ளே போகும். ஏற்பின்னு சொல்லுவோம். அந்த வாசல அடைக்கிறது குளோபிடோகிரெல். ஆனா அது விழுங்கின உடனே வேலைக்கு வராது. ஈரல் அதைப் பக்குவப்படுத்தி அனுப்பணும்."

சோதனைக் கூடத்தில் இரண்டு வழியாகவும் தட்டணுக்களைத் தூண்டிப் பார்த்திருந்தார்கள். முதல் வழியில் அவை அசையவில்லை. இரண்டாவது வழியில் மளமளவென்று கூடிவிட்டன.

"ரெண்டாவது வழியோட வாசல் திறந்தே கிடக்கு. அத அடைக்கிற மாத்திரைய ஒழுங்காச் சாப்பிடுறீங்களா?"

"தினமும் சாப்பிடுறேன், டாக்டர்."

டாக்டர் அட்டையை வாங்கிப் பார்த்தார். சரியான மாத்திரைதான்.

"வேற ஏதாவது மாத்திரை எடுத்துக்கிறீங்களா?"

தனுஷ்கோடி மனைவியை ஒரு பார்வை பார்த்தார். "இல்லீங்க."

பிறகு தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். "எடுத்துக் குடுக்கிறது இவதான். நிறுத்திடலாமான்னு ஒருநாள் இவளே கேட்டா. அதுக்கப்புறம் எதைக் குடுத்தாளோ, எனக்கு எப்படித் தெரியும்?"

அவருக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயத்தில் செண்பகவல்லி வீட்டுக்குள் அவரிடம் மட்டும் சொன்ன சொல். அதை இத்தனை நாள் பத்திரமாக வைத்திருந்து, வேற்று மனுஷி முன்னால் எடுத்து நீட்டிவிட்டார். தினமும் அவள் அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அவர் அவள் கையைச் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டிருந்தாரா?

"ரெண்டையும்தான் குடுத்தேன், டாக்டர்."

கேட்டுக்கொண்டிருப்பவர்களே, இனி உங்கள் முறை. அவள் ஒருநாளும் மாத்திரையை மாற்றவில்லை. அவர் ஒருநாளும் துப்பவில்லை. மாத்திரையும் போலியில்லை. அப்படியானால் அந்த வாசல் ஏன் திறந்து கிடந்தது? இதில் துரோகம் செய்தது யார்?

விடை: எல்லாம் அந்த வெள்ளித் தாளில் இருந்தது. தனுஷ்கோடி புரோட்டாவை விடவே இல்லை. மண்டியிலிருந்து திரும்பும் வழியில் சாப்பிட்டுவிட்டு, வாசனை தெரியாமலிருக்கச் சோம்பு மென்றுகொண்டு வருவார். நெஞ்செரிச்சல் என்றால் குட்டு உடைந்துவிடும். அதனால் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு கடையில் ஒமிப்ரசோல் என்ற நெஞ்செரிச்சல் மாத்திரையை வாங்கி, காலை நடையின்போதே விழுங்கிவிடுவார். அந்த அட்டையின் துண்டுதான் பையில் கிடந்த வெள்ளித் தாள். குளோபிடோகிரெலைப் பக்குவப்படுத்துகிற ஈரலின் வேலைக்கு அந்த மருந்து குறுக்கே நிற்கும். பாதி வேலை நின்றுபோனால் வாசல் அடைபடுவது எப்படி? "அன்னிக்குப் பையில கிடந்த வெள்ளித் தாள் என்னங்க?" என்று மறுநாள் அவள் கேட்டபோதுதான் உண்மை வெளியே வந்தது. துரோகம், "இல்லீங்க" என்ற அந்த ஒரு சொல். மனைவிமேல் பழி போட்டது அதை மறைக்கத்தான். டாக்டர் நெஞ்செரிச்சலுக்கு வேறு மருந்து எழுதித் தந்தார், வாசல் அடைபட்டது. இப்போதும் இரண்டு மாத்திரைகளும் வெந்நீரும் செண்பகவல்லி கையால்தான் வருகின்றன. விழுங்கிவிட்டுத் தனுஷ்கோடி தானாகவே வாயைத் திறந்து காட்டுகிறார். பார்ப்பதற்கு அவள் அங்கே நிற்பதில்லை.