காரணம் சொல்லாத மெயில்

நல்லம்மை மடத்தில் ஒரே ஒரு சட்டம்தான். அம்மா சொன்னால் செய்ய வேண்டும். ஏன் என்று கேட்கக் கூடாது.

கேட்டவர்களுக்குத் திட்டு எல்லாம் கிடையாது. சாப்பாடு போட்டு, பஸ் ஏற்றி வீட்டுக்கு அனுப்பிவிடுவார். அதோடு சரி.

கொல்லிமலை அடிவாரத்தில் மடம். மரம், மயில், காற்று எல்லாம் இருந்தன. அதைப் பற்றிப் பேச இங்கே ஒன்றுமில்லை.

செங்கோடன் அம்மாவின் முதல் சீடர். அம்மாவைவிட வயதில் பெரியவர். ராசிபுரத்தில் கம்ப்யூட்டர் வாத்தியாராக இருந்தவர். வேலையை விட்டபோது வீட்டிலிருந்து தன் லேப்டாப்பை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தார். மடத்துக்கு வரும் மெயிலை எல்லாம் அதில்தான் படித்து அம்மாவிடம் சொல்வார்.

அந்த லேப்டாப்பை அவர் பாதுகாத்த மாதிரி யாரும் பாதுகாக்க முடியாது. பாஸ்வேர்டு ஒரு முழ நீளம். கேமராவுக்கு மேலே பிளாஸ்திரி. யாராவது பென் டிரைவை நீட்டினால் பின்னால் நகர்ந்து நிற்பார்.

"லேப்டாப்புக்குக்கூட இவ்வளவு ஆசாரமா?" என்று கேலி செய்வார்கள்.

"திருடன் எந்த வழியா வருவான்னு தெரியாதுங்களே. அதான் எல்லா வழியும் அடைச்சு வெச்சிருக்கறேன்" என்பார்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் வரும். கூட்டம் சேர்ந்ததும் அம்மா செங்கோடனைக் கூப்பிடுவார்.

"செங்கோடா, கொடியில துணி காஞ்சிருச்சா?"

"காஞ்சிருச்சுங்க அம்மா."

"எல்லாத்தையும் திரும்ப நனைச்சுப் போடு."

"சரிங்க அம்மா."

நனைத்துப் போடுவார். முகம் மாறாது. கூட்டம் வாயைப் பிளந்து பார்க்கும்.

"எங்கூட்டுக்காரரை ஒரு மாசம் இங்க விட்டுட்டுப் போறனுங்க. இப்படிப் பழக்கி அனுப்புங்க" என்றாள் ஒரு பெண். எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தார்.

அன்று கடைசி வரிசையில் உட்கார்ந்து சிரித்தவர்களில் தனசீலன் என்று ஒருவன் இருந்தான். அவன் அம்மாவைக் கும்பிட வரவில்லை. அவன் அடி தாங்காமல் மகளைத் தூக்கிக்கொண்டு ஓடிய மனைவியைத் தேடி வந்தவன். மனைவி பெயர் சுகந்தி. ஓடியபோது அவள் வந்து நின்றது இந்த மடத்தில்தான். அம்மா அவளை ஈரோட்டுப் பக்கம் ஒரு பக்தர் வீட்டில் தங்கவைத்து, துணிக்கடையில் வேலையும் வாங்கிக் கொடுத்திருந்தார். எந்த ஊர் என்று யாரிடமும் சொல்லவில்லை.

தனசீலன் விசாரித்துப் பார்த்தான். ஒருவரும் வாய் திறக்கவில்லை. கொடியருகே நின்ற செங்கோடனிடம் போனான்.

"ஏனுங்கண்ணா, காஞ்ச துணியை எதுக்குத் திரும்ப நனைச்சீங்க?"

"அம்மா சொன்னாங்க."

"எதுக்குன்னு கேக்கலீங்களா?"

"கேக்கற வழக்கம் இல்லீங்க."

"தப்பான காரியம் சொன்னாக்கூடவா?"

"அம்மா தப்பாச் சொல்ல மாட்டாங்க."

"அதுவும் சரிதான்" என்றான் தனசீலன். வாசல் பலகையில் இருந்த அம்மாவின் படத்தையும் மடத்து மெயில் முகவரியையும் போனில் எடுத்துக்கொண்டு போனான்.

அம்மா சேலத்துக்குப் போயிருந்த ஒரு நாள் செங்கோடனுக்கு மெயில் வந்தது. அம்மா பெயர். அம்மா படம்.

"செங்கோடா, இதைத் திற. இப்பவே."

கீழே ஒரு ஃபைல். செங்கோடன் திறந்தார். உள்ளே வெள்ளையாக ஒரு பக்கம். ஒரு எழுத்துகூட இல்லை. அம்மா அனுப்பினால் ஏதாவது அர்த்தம் இருக்கும் என்று அதையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

சாயங்காலம் அம்மா திரும்பி வந்தார்.

"நான் சொன்ன வேலை எல்லாம் ஆச்சா?"

"ஆச்சுங்க அம்மா. எல்லாமே செஞ்சுட்டனுங்க."

"நல்லது" என்றார் அம்மா. என்னென்ன என்று அவரும் கேட்கவில்லை.

அன்றிலிருந்து அந்த லேப்டாப்பில் செங்கோடன் படித்ததை எல்லாம் தனசீலனும் படித்தான்.

சுகந்தி மடத்துக்கு எழுதிக்கொண்டிருந்தாள். பாப்பாவைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டேன் என்று எழுதினாள். எந்தப் பள்ளிக்கூடம் என்றும் எழுதினாள். சந்தோஷத்தில் எழுதியது.

தனசீலன் அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனான். அப்பா என்றான். அப்பாதான். ஆதார் கார்டைக் காட்டினான். பிள்ளையை அவன் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள் சுகந்தி மடத்துக்குள் வந்தாள். செருப்பைக் கழற்றவில்லை.

"எம் புள்ளையைக் காட்டிக் குடுத்தது யாரு?"

அம்மா எழுந்து வந்தார். "என்னாச்சு கண்ணு?"

"அவன் தூக்கிட்டுப் போயிட்டான். போன் பண்ணிச் சிரிக்கறான். 'உன் மடத்துக்காரன்தான் கதவைத் திறந்துவிட்டான், மெயிலைப் பாக்கச் சொல்லு, நான் தேங்க்ஸ் சொன்னேன்னு சொல்லு'ங்கறான். பின்னால பாப்பா அழுவறா. ஸ்டேஷனுக்குப் போனா, 'பெத்த அப்பன்தானம்மா, எதுக்கு இந்தக் கத்துக் கத்தறே'ங்கறாங்க. நான் உங்களுக்கு மட்டும்தான் எழுதினேன். வேற யாருக்கும் தெரியாது."

செங்கோடனுக்கு அப்போதே அந்த மெயில் ஞாபகம் வந்தது. வாத்தியாராக இருந்தவர் இல்லையா. லேப்டாப்பை எடுத்து வந்து தேடினார். கண்டுபிடிக்க நேரமே ஆகவில்லை. அந்த வெள்ளைப் பக்கத்தோடு வந்த ஒரு புரோகிராம் உள்ளே இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. நெட்டை நிறுத்தினார். நடந்ததைச் சொன்னார்.

அப்புறம் மடத்துக்கு வந்த நாளிலிருந்து கேட்காத கேள்வியைக் கேட்டார்.

"இத்தனை அடைச்சும் உள்ள வந்துட்டானுங்களே அம்மா. இனி இந்த லேப்டாப்பை எப்படிங்க காப்பாத்தறது?"

"லேப்டாப்பையா?" என்றாள் சுகந்தி.

அம்மா அந்த மெயிலைக் காட்டச் சொன்னார். செங்கோடன் காட்டினார். அம்மா படித்தார்.

"நான் எழுதினதுன்னு எப்படி நெனச்ச?"

"உங்க பேர் இருந்துச்சுங்க. படமும் இருந்துச்சு."

"பேரும் படமும் எவன் வேணா ஒட்டுவான். பசங்களுக்கு நீயே சொல்லிக் குடுத்ததுதானே?"

"ஆமாங்க."

"அப்புறம்?"

"நீங்க பேசற மாதிரியே இருந்துச்சுங்க."

"எப்படி?"

"காரணம் சொல்லல."

அம்மா லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினார்.

"திறக்கும்போது இந்த மெஷின் ஒண்ணும் சொல்லலியா?"

"கேட்டுச்சுங்க. அனுப்பினது யாருன்னு தெரியல, திறக்கணுமான்னு."

"நீ?"

"ஆமான்னு அழுத்தினேன்."

"உடனே திறந்துருச்சா?"

"இல்லீங்க. ஆன்ட்டி வைரஸ் மறிச்சுது. ஆபத்துன்னு செவப்பா வந்துச்சு. அதை ஆஃப் பண்ணிட்டுத் திறந்தேன்."

"மெஷின் ரெண்டு தடவை கேட்டிருக்கு. நீ ஒரு தடவை எனக்குப் போன் பண்ணிக் கேக்கல."

"கேட்டா பஸ் ஏத்தி விட்டுருவீங்களே அம்மா."

சுகந்தி சிரித்துவிட்டாள். நல்ல சிரிப்பு இல்லை அது.

அம்மா சட்டென்று சொன்னார். "இதைக் கொண்டுபோய்க் கிணத்துல போடு."

செங்கோடன் லேப்டாப்பை மூடினார். இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு கிணற்றைப் பார்த்து நடந்தார்.

சுகந்திக்கு முதலில் ஒன்றும் ஓடவில்லை. அப்புறம் ஓடினாள். அவர் கையை நீட்டும் நேரத்தில் சட்டையைப் பிடித்து இழுத்தாள். லேப்டாப் கிணற்றுச் சுவரில் மோதி அவள் பக்கம் விழுந்தது. மூலை நசுங்கியது. உடையவில்லை. அவள் அதை எடுத்து நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள்.

"யோவ், உனக்கென்ன பைத்தியமா? அவன் அனுப்பினது இதுலதானே இருக்கு! ஸ்டேஷன்ல காட்ட எனக்கு இது ஒண்ணுதானே இருக்கு!"

அம்மா நடந்து வந்தார்.

"அவ சொல்றது உனக்குத் தெரியாதா செங்கோடா?"

"தெரியுமுங்க."

"தெரிஞ்சேதான் போட வந்தியா?"

"நீங்க சொன்னீங்களே அம்மா."

சுகந்தி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எம் பொண்ணு அங்க அவன் கையில இருக்கறா. நீங்க இங்க பாடம் நடத்திட்டிருக்கறீங்க."

அம்மாவுக்கு முகம் செத்துப்போனது. உள்ளே போய்விடுவார் என்றுதான் தோன்றியது. போகவில்லை.

"அதை நீயே எடுத்துட்டுப் போ சுகந்தி. இங்க வெக்காதே. எவன் வந்து என் பேரைச் சொன்னாலும் இவன் குடுத்துருவான். நான் அப்படித்தான் பழக்கி வெச்சிருக்கறேன்."

சுகந்தி லேப்டாப்பை முந்தானையால் சுற்றிக்கொண்டு வாசல்வரை போனாள். நின்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். கோபம் போகவில்லை. குரலை மட்டும் இறக்கிக்கொண்டாள்.

"அண்ணா, இதைத் திறந்து எதை எங்க காட்டணும்னு எனக்குத் தெரியாது. மெயில் வந்தது உங்களுக்கு. நீங்க வந்து சொன்னாத்தான் கேஸ் எழுதுவாங்க. வர்றீங்களா?"

ரோட்டில் நாமக்கல் பஸ் ஹாரன் அடித்தது.

செங்கோடன் அம்மாவின் முகத்தைப் பார்த்தார்.

"என்னை ஏன் பாக்கற?" என்றார் அம்மா. "கேட்டது அவ."